பள்ளியில் குறைத்த வயது

எழுந்து நின்ற என் மகனுக்கு,

அரசு வேலைக்கு உதவும் என்று பள்ளியில் உன் வயதில் ஒன்றைக் குறைத்து எழுதியவள் நான். "சான்றிதழ்ல பதினஞ்சுதான் இருக்கு, மூணு வருசத்துக்கு மேல உள்ள வைக்க மாட்டாங்க" என்றார் உன் வழக்கை நடத்தும் வக்கீல். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று செங்கல்பட்டில், மாஜிஸ்திரேட் அம்மாவிடம் நீயே எழுந்து நின்று சொன்னாய்: "குத்துனப்போ எனுக்குப் பதினாறு முடிஞ்சிச்சி மேடம். ஸ்கூல்ல கொறச்சிக் குட்த்துட்டாங்க."

வக்கீல் தலையில் கை வைத்தார். கொலை வழக்கில் பதினாறு முடிந்திருந்தால், பெரியவர்களைப் போலவே உன்னை விசாரிக்கலாமாம். எனக்கோ உன்னைப் பெற்றபோதுகூட இவ்வளவு பெருமை இல்லை.

திருவிடந்தை வரை பஸ்ஸில் நிமிர்ந்தே வந்தேன். நம் தெருமுனையில் பிரபா நின்றாள், நீ குத்தியதில் செத்துப்போன உன் நண்பனின் அம்மா. "எம் புள்ளைக்கும் பதினாறுதான்" என்றாள்.

அவளுக்கு மட்டும் தலை குனிந்தேன்.

உன்னைப் பெற்றவள்