ஆறு இன்ச் திரையில் சுங்க அட்டவணை

3 நவம்பர் 2025, திங்கள்

போனில் படித்துப் படித்துத் தலைவலிதான் மிச்சம். ஆழ்வார்திருநகரியில் பஸ் ஏறி ஏரல் வருவதற்குள் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்துவிடுகிறது. தூத்துக்குடி போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால். ஒரு நாளில் எனக்கென்று கிடைப்பது அந்த இரண்டரை மணி நேரம்தான். வீட்டுக்குப் போனால் அடுப்பு, ஆபீஸுக்கு வந்தால் கப்பல்.

இன்பமணி அண்ணாச்சி இன்றைக்கும் சொன்னார். "மார்ச்சோட நான் லைசென்ஸ ஒப்படைச்சிருதேன் செண்பகம். நீ பாஸ் பண்ணிட்டா ஆபீஸு ஒனக்கு. இல்லன்னா பூட்டிர வேண்டியதுதான்."

பதினேழு வருஷமாக அவருடைய கிளியரிங் ஆபீஸில் கப்பல் சரக்குக்குப் பேப்பர் போடுகிறேன். வேலை முழுக்க என் கையில், சுங்க முகவர் லைசென்ஸ் அவர் பேரில். அந்தப் பரீட்சை போன வருஷம் ஆறு மார்க்கில் போச்சு. டிசம்பர் 13 மறுபடியும். இதுவும் போனால்? நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு யார் வேலை தருவார்கள்?

படிப்பதற்கென்று ஒரு கருவி வாங்குவது என்று முடிவு பண்ணிவிட்டேன். எந்தக் கருவி என்பதுதான் முடிவாகவில்லை.

5 நவம்பர்

ரெக்ஸ் கடைக்குப் போனேன். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விற்கிறான். "ஒரு வாரம் வச்சுப் பாரு. புடிக்கலன்னா திருப்பிக் கொண்டா" என்று ஓர் ஈ-ரீடரைக் கையில் கொடுத்தான். ஆறு இன்ச் திரை. புத்தகம் படிப்பது தவிர வேறொன்றுக்கும் ஆகாதாம். அதுதான் அதில் நல்ல குணம் என்கிறான்.

6 நவம்பர்

ஜன்னலோரம் வெயில் நேரே அடிக்கிறது, எழுத்து காகிதத்தில் போல நிற்கிறது. தலைவலி இல்லை. ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைப் பெருவிரலால் பக்கம் திருப்பிவிடலாம்.

ஆனால் மெதுவோ மெது. பத்துப் பக்கம் பின்னால் போய்ப் பார்ப்பதற்குள் ஸ்டாப் வந்துவிடுகிறது. குறிப்பு எழுதலாம் என்றால், ஒரு எழுத்தைத் தொட்டதும் போடவா வேண்டாமா என்று யோசிக்கிறது. சாப்பாட்டு நேரம் முழுக்க இந்த மாடலைப் பற்றி வீடியோ பார்த்தேன். ஒருத்தன் ஆஹா என்கிறான், இன்னொருத்தன் தண்டம் என்கிறான். இருந்த நிம்மதியும் போச்சு.

10 நவம்பர்

ஈ-ரீடரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே ஒரு வாரக் கணக்கில் பதினோரு இன்ச் லேப்டாப் வாங்கி வந்தேன்.

12 நவம்பர்

லேப்டாப்பில் எந்தச் சரக்குக்கு எவ்வளவு சுங்க டூட்டி என்று சொல்லும் அட்டவணை, கட்டம் கட்டமாக முழுசாகத் தெரிகிறது. கீபோர்டு அருமை. ஆனால் உட்கார இடம் கிடைத்தால்தானே திறக்க? கிடைத்தாலும் முன் சீட்டு இடிக்கிறது, மூடி பாதிதான் விரிகிறது. மடி சுடுகிறது. வெயிலில் திரையில் என் மூஞ்சிதான் தெரிகிறது. பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த அம்மா, "என்ன படம் ஓடுது தாயி?" என்று எட்டிப் பார்த்தாள்.

13 நவம்பர்

மழை. பை நனைந்துவிட்டது. லேப்டாப் பிழைத்தது, எனக்குத்தான் பாதி உயிர் போச்சு.

15 நவம்பர்

வீட்டுக்காரர் நடவு வயலிலிருந்து வந்தவர், நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார். எடை, பேட்டரி, வெயில், சூடு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று நாலு பக்கம். "ஏளா, நீ பரீட்சைக்குப் படிக்கியா, மெஷினுக்குப் பரீட்சை வைக்கியா?"

கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வராதா? பத்து நாளில் இரண்டு அத்தியாயம். உட்கார்ந்து படித்தால், படித்தும் தோற்றேன் என்று ஆகிவிடும். கருவி சரியில்லை என்று அலைந்துகொண்டிருந்தால் அந்தப் பழி என் மேல் வராது. இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேனா நான்?

17 நவம்பர்

லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஈ-ரீடர். "ஒனக்கு மாப்ள பாக்கச் சொல்லியிருந்தா இன்னும் கல்யாணம் ஆயிருக்காது" என்றான் ரெக்ஸ்.

சிரித்துக்கொள்ளட்டும். இனி படிப்புத்தான். டூட்டி அட்டவணையை மனப்பாடம் பண்ணிவிடப் போகிறேன். எழுத்துத்தான் பொடி. வெள்ளெழுத்து, கண்ணாடி போடுங்கள் என்று சித்திரையிலேயே கண் டாக்டர் சொன்னார். கண்ணாடி போட்டால் கிழவி மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஈ-ரீடரில் பெரிய எழுத்து என்று ஒரு வசதி இருக்கிறது. அழுத்தினேன். கட்டமெல்லாம் கலைந்து சரக்கெல்லாம் ஒரு வரிசை, ரேட்டெல்லாம் பக்கத்தில் ஒரு வரிசை என்று இறங்கிவிட்டது. வசதியோ வசதி.

20 நவம்பர்

நாற்பத்திரண்டு சரக்கு தலைகீழாகச் சொல்வேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று சந்தோஷமாக இருந்தேன்.

21 நவம்பர்

அண்ணாச்சி ஹார்பருக்குப் போயிருந்தார். மரக்கடை வெள்ளத்துரை அண்ணாச்சி போன் பண்ணினார். "அறுத்த தேக்குப் பலகைக்கு டூட்டி எவ்வளவும்மா? சரக்கு விக்கிற பார்ட்டி இன்னொரு லைன்ல நிக்கான், வெல பேசணும்."

எங்கள் ஆபீஸில் புத்தகத்தைத் திறக்காமல் யாரும் ரேட்டு சொல்வதில்லை. நாற்பது வருஷ அனுபவம் உள்ள இன்பமணி அண்ணாச்சியே அந்தத் தடிப் புத்தகத்தில் விரலை வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நான் பார்க்காமலே டக்கென்று சொன்னேன். "பரவாயில்லையே" என்றார் வெள்ளத்துரை அண்ணாச்சி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

22 நவம்பர், சனி

ஐயோ, என்ன பண்ணிட்டேன்.

வேறு ஒரு பார்ட்டிக்காக மர அத்தியாயத்தைப் புத்தகத்தில் திறந்தேன். பலகைக்கு நேரே இருக்கும் ரேட்டு நான் சொன்னது இல்லை. உள்ளதை விடக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். ஈ-ரீடரையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டவணையில் சரக்குகளுக்கு மேலே நிற்கும் தலைப்புக்கு ரேட்டு கிடையாது, அந்தக் கட்டம் காலி. பெரிய எழுத்தில் அந்தக் காலிக் கட்டம் காணாமல் போய், அடுத்தடுத்த ரேட்டெல்லாம் ஒரு படி மேலே ஏறி நிற்கிறது. பலகைக்கு நான் சொன்னது அதற்குக் கீழே உள்ள சரக்கின் ரேட்டு. நாற்பத்திரண்டில் முப்பது தப்பு.

வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு ஒன்பது தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. இன்பமணி அண்ணாச்சியிடம் சொல்லவா? லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதப் போறவ பலகைக்கு ரேட்டு தெரியாம நிக்கேன்னா சொல்லுவேன்? சொல்லாமலே பஸ் ஏறிட்டேன்.

23 நவம்பர், ஞாயிறு

காலையிலேயே வீட்டுக்காரர் கேட்டுவிட்டார், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு என்று. சொன்னேன். "போன் எடுக்கலன்னா நேர போ. இங்கன ஒக்காந்து கையப் பெசஞ்சா ஆச்சா?"

மழையில் பஸ் பிடித்துப் போனேன். மரக்கடை ஷெட்டில் அவர் மட்டும் இருந்தார். விலை வாயால் பேசி முடிந்துவிட்டது, நாளைக்கு அவர் கையிலிருந்து அட்வான்ஸ் போக வேண்டியது. போயிருந்தால் கூடுதல் டூட்டி அவர் தலையில். நான் சொன்னது தப்பு, பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றேன்.

"ஒங்க ஆபீஸு சொல்ல நம்பித்தாம்மா பதினஞ்சு வருசமா ஏவாரம் பண்ணுதேன்" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். உட்காரச் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் அழுதேன். மழையில் நனைந்த மூஞ்சி, யாருக்கும் தெரிந்திருக்காது.

24 நவம்பர்

அண்ணாச்சியிடம் சொன்னேன். முழுசையும் கேட்டார். "மழையில போயி நேர்லயா சொன்ன?"

"ஆமா அண்ணாச்சி."

"செரி." அப்புறம் பேப்பரைப் புரட்ட ஆரம்பித்தார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, "மொதல்ல ஒரு கண்ணாடி வாங்கிப் போடுளா" என்றார்.

27 நவம்பர்

கண்ணாடி வந்துவிட்டது. ஈ-ரீடரையே விலைக்கு வாங்கிவிட்டேன். சட்டம், விதி எல்லாம் கதை மாதிரி தொடர்ச்சியாகப் போகிறவை, பஸ்ஸில் படிக்க அது போதும். அட்டவணையை அதிலிருந்து அழித்துவிட்டேன். அதற்கு ஆபீஸ் புத்தகம்தான், சாப்பாட்டு நேரத்தில். எல்லாவற்றுக்கும் ஒரே கருவி என்று நான் தேடியது எங்கும் விற்கவில்லை.

"நாலு பக்கம் மார்க் போட்டியே, கடைசில எது ஜெயிச்சுது?" என்று ரெக்ஸ் கேட்டான். வெள்ளெழுத்துக் கண்ணாடி என்றேன்.

வெள்ளத்துரை அண்ணாச்சியின் பேப்பர் எதுவும் இந்த வாரம் ஆபீஸுக்கு வரவில்லை.

13 டிசம்பர்

எழுதிவிட்டேன்.

20 ஜனவரி 2026

எழுத்துத் தேர்வில் பாஸ். வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இன்னும் நேர்முகம் இருக்கிறது, வாயை மூடுங்கள் என்றால் கேட்டால்தானே.

11 பிப்ரவரி

நேர்முகம். மூன்று ஆபீஸர்கள். சட்டத்தில் கேட்டதெல்லாம் சொன்னேன். கடைசியில் நடுவில் இருந்தவர் முந்திரிக்கொட்டைக்கு என்ன ரேட்டு என்றார். எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கும் அப்படித்தானே நினைத்தேன்?

"புத்தகம் பாத்துத்தான் சார் சொல்லுவேன். மனப்பாடமாச் சொல்லி ஒரு தடவ தப்பாயிட்டு."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எதையோ எழுதினார். போகலாம் என்றார்கள். போச்சு. நானே வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன். பதில் தெரிந்தும் சொல்லாமல் வந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

2 ஏப்ரல்

காலையில் போன். நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக வெள்ளத்துரை அண்ணாச்சி. "இன்பமணி அண்ணாச்சி இருக்காவளா?"

"அவுக மார்ச்சோட லைசென்ஸ ஒப்படைச்சிட்டாவ அண்ணாச்சி. நான் நேர்முகத்துலயும் பாஸாயிட்டேன், இப்ப லைசென்ஸ் என் பேர்ல."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஒரு சரக்குக்கு ரேட்டு கேக்கணும்" என்றார்.

"லைன்ல இருங்க. புத்தகத்தப் பாத்துச் சொல்லுதேன்."

"இருக்கேம்மா. நிதானமாப் பாரு."

பக்கங்களைத் திருப்பினேன். அவர் இருமிக்கொண்டே காத்திருந்தார்.