எல்லா நாளும் முப்பத்தெட்டு

மார்ச் 2, திங்கள்

ஆய்வகத்தில் நாற்பத்திரண்டு குடிநீர் மாதிரிகள். எல்லாம் குடிக்கத் தகுந்தவை. மாடிப்படி ஏறும்போது வலது முழங்கால் முனகுகிறது.

நேற்று மாலை தம்பியை அவனுடைய பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் விட்டேன். வெள்ளி மாலையிலிருந்து என்னோடு இருந்தான். வாசலில் இறங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். நாற்பத்து மூன்று வயதில் அவனுக்கென்று ஓர் அறை, கூட ஐந்து பேர், பகலில் போய் உறை ஒட்டுவதற்கு ஒரு பட்டறை. அம்மா போன பிறகு எண்பது படுக்கை விடுதியில் ஐந்து மாதம் இருந்தானே, பதினொரு கிலோ இளைத்தானே – அதை நினைத்தால் இது சொர்க்கம்.

சொர்க்கம் என்றெல்லாம் நான் எழுதுவதில்லை. சோர்வு.

மார்ச் 5, வியாழன்

காலை எட்டே முக்காலுக்கு இல்லத்து நிர்வாகி போன் செய்தார். "பதறாதீங்க மேடம், சின்ன விஷயந்தான். கால்ல லேசா சூடு பட்டிருக்கு."

லேசாக இல்லை. வலது பாதம் முழுக்க, கணுக்கால் வரைக்கும் கொப்புளம். குளியல் தொட்டியில் காலை வைத்திருக்கிறான். வலித்தால் அவன் கத்த மாட்டான், வாயை இறுக மூடிக்கொள்வான். வழக்கமாகக் குளிப்பாட்டும் பணியாளர் அம்மாவுக்கு அது தெரியும். அவர் இன்று கண் பரிசோதனைக்காக லீவு. பதிலுக்கு வந்த பெண்ணுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றவனைப் பார்த்து, சமர்த்தாக நிற்கிறான் என்று நினைத்திருக்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

மருத்துவமனையில் கட்டு மாற்றினார்கள். "அக்கா, நான் தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டான். மூன்று தடவை.

மார்ச் 8, ஞாயிறு

நிர்வாகி என்னைக் குளியலறைக்கே கூட்டிப்போய்க் கதவின் பின்பக்கம் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டினார். ஆறு பேருக்கும் தினமும் தொட்டித் தண்ணீரின் சூட்டை அளந்து எழுத வேண்டும் என்பது விதி. "பாருங்க, ஒரு நாள் விட்டுப் போகல. எங்க பக்கம் எல்லாம் பக்கா."

பார்த்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. ஜனவரியிலிருந்து ஆறு பேருக்கும் எல்லா நாளும் முப்பத்தெட்டு.

இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீரை அளக்கிறேன். ஒரே குவளைத் தண்ணீரை ஒரே கருவியால் மூன்று தடவை அளந்தால் மூன்று விதமாக வரும். இப்படி ஒரு தண்ணீர் உலகத்திலேயே கிடையாது.

அப்புறம் தம்பியின் வரிசையில் பிப்ரவரி 28, மார்ச் 1. முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. அந்த இரண்டு நாளும் அவன் குளித்தது என் வீட்டில்.

 போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

வேலை முடிந்து கிளம்பும் நேரம் பார்த்து, குளிப்பாட்டும் அந்த அம்மாவைப் பிடித்தேன். இல்லத்தில் எல்லோரும் அவரைக் காலையம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், காலை ஆறு மணிக்கு வருவதால். படத்தைக் காட்டினேன். மறுக்கவில்லை.

"வெப்பமானி டிசம்பர்லயே உடைஞ்சு போச்சும்மா. கேட்டேன், வாங்கித் தரேன்னாங்க. ஆறு மணிக்கு வரேன், எட்டு மணிக்கு வேன். ஆறு பேரு. நான் ஒருத்தி. இந்த முழங்கையத்தான் தண்ணில வெச்சுப் பாப்பேன். ஒன்பது வருஷமா ஒருத்தருக்காவது சுட்டிருக்கா, கேளுங்க."

"அப்ப ஏன் முப்பத்தெட்டுன்னு எழுதினீங்க?"

"எழுதலன்னா ஆயிரம் கேள்வி. எழுதிட்டா ஒருத்தரும் கேக்கறதில்ல."

அவர் தொலைபேசி எண் கொடுத்ததால், பதிலுக்கு வந்த பெண்ணிடமும் பேசினேன். அழுதாள். "பட்டியல்ல எல்லா நாளும் முப்பத்தெட்டுன்னு இருந்துச்சுக்கா. அந்தக் குழாயில எப்பவும் அவ்வளவுதான் வரும்போலன்னு நெனச்சுட்டேன்."

அதிகாரிகளுக்காக எழுதிய பொய். அதை நம்பிய ஒரே ஆள் இந்தப் பெண்தான்.

மார்ச் 13, வெள்ளி

இல்லத்தில் 'வானொலி' என்று ஒருவர் இருக்கிறார். காலையிலிருந்து செய்தி வாசித்துக்கொண்டே இருப்பார். தம்பியின் பாதம்கூட மூன்று நாள் தலைப்புச் செய்தி. அவருடைய அம்மா போன் செய்தார். நான் புகார் எழுதப்போவதாக எப்படியோ தெரிந்திருக்கிறது.

"எழுதிப் போட்டுடாதம்மா. மூடிட்டுப் போயிடுவாங்க. எனக்கு எழுபத்தாறு. ஒனக்குப் படிப்பு இருக்கு, நாலு பேரத் தெரியும். தம்பிய ஒரு மாசமாவது வீட்டுல வெச்சுக்குவே. நான் இவன எங்க கொண்டு போவேன், சொல்லு?"

 என்னாலும் ஒரு மாதத்துக்கு மேல் முடியாது. மூடினால் அவனுக்கும் அந்த எண்பது படுக்கைதான். எழுதாவிட்டால்? காலையம்மா அடுத்த முறை லீவு எடுக்கும்போது?

மார்ச் 16, திங்கள்

எழுதவில்லை.

மார்ச் 18, புதன்

எழுதவில்லை. கோழை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதுவும் ஒரு சொகுசுதான். சொல்லிக்கொண்டால் வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

மார்ச் 20, வெள்ளி

எழுதினேன். முதல் வரைவு ஆய்வறிக்கை மாதிரி இருந்தது. இரண்டாவது, படிப்பவரை அழவைக்கப் பார்த்தது. மூன்றாவதில் நடந்ததை மட்டும் வரிசையாக வைத்தேன். உரிமம் வழங்கும் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன்.  வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

புதன்கிழமை சோதனைக்கு வந்தார்களாம். வியாழக்கிழமை காலையம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார் நிர்வாகி. "தப்பு பண்ணவங்க மேல நடவடிக்கை எடுத்துட்டோம் மேடம், இப்ப திருப்திதானே?"

இதற்கா எழுதினேன்? இல்ல, தெரியாமலா எழுதினேன்? கடைசியில் இருப்பவர் தலையில்தான் விடியும் என்று தெரியாத வயசா எனக்கு?

தம்பி இரண்டு நாளாகக் குளிக்கவில்லை. குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறான். "காலையம்மா எங்க?" லீவு என்று சொன்னேன். வாய் கூசாமல்.

மார்ச் 30, திங்கள்

அரை நாள் விடுப்பு. மறுபடியும் அந்த உரிம அலுவலகம். அதிகாரி நல்ல மனிதர்தான், களைத்துப்போனவர்.

"யார் மேலம்மா புகார்?"

"ஆள் மேல இல்ல சார். ரெண்டு மணி நேரத்துல ஆறு பேர ஒருத்தியே குளிப்பாட்டணும்கற ஏற்பாட்டு மேல. உடைஞ்ச வெப்பமானிய மூணு மாசம் வாங்கித் தராதது மேல."

படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஏற்பாட்டுக்கு இதுல கட்டம் இல்லையே."

"'இதர'ன்னு ஒண்ணு இருக்கு, கடைசியில."

"அட, ஆமா." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இதுல யாரும் எழுதி நான் பாத்ததில்ல. எழுதுங்க."

இடம் போதவில்லை. பின்பக்கத்திலும் எழுதினேன்.

ஏப்ரல் 8, புதன்

உத்தரவு வந்துவிட்டது. மூடவில்லை. வெப்பமானி உடனே வாங்க வேண்டும். காலையில் இரண்டு பேர் இல்லாமல் யாரையும் குளிப்பாட்டக் கூடாது. ஆள் அமர்த்த இரண்டு மாதம் அவகாசம். அதுவரை நிர்வாகியும் உறவினர்களும் முறை வைத்துக்கொள்ளலாம். புதன் எனக்கு. வானொலியின் அம்மாவுக்கு வெள்ளி. அவர் வயதுக்கு முடியாது என்றுதான் சொன்னோம், ஆனாலும் வந்துவிடுவார் என்று தெரியும்.

காலையம்மாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம், என் கடிதம் இல்லை.

ஏப்ரல் 15, புதன்

என் முதல் முறை. "வாங்க, எழுத்தாளரம்மா" என்றார் காலையம்மா. அதற்குப் பிறகு 'துண்டு', 'சோப்பு', 'நகருங்க' மட்டும். நியாயம்தான்.

தம்பி குளித்தான். பாதத்தில் புதுத் தோல், இளஞ்சிவப்பாக.

ஏப்ரல் 29, புதன்

மூன்றாவது முறை. காலையம்மா குளிப்பாட்ட, நான் தண்ணீரை அளந்து, துவட்டி, உடை மாட்ட. நான்கு பேர் வரை ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவது வானொலி. இன்று ஒலிபரப்பு இல்லை என்று கூடத்தில் படுத்துவிட்டார். வாசலில் வேன்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. தம்பி ஈரத்தலையோடு ஒரு காலுறையை மட்டும் மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடி எல்லா அறைக்குள்ளும் போய்வந்தான். எப்படியோ எல்லோரையும் குளிப்பாட்டி ஏற்றி அனுப்பினோம். பட்டியலை நிரப்பினேன், கையெழுத்துப் போட்டேன், ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடித்தேன்.

மூன்றாவது நிறுத்தத்தில்தான் உறைத்தது. ஆறு எண் எழுதியிருக்கிறேன். அளந்தது நாலு பேருக்கு. கடைசி இரண்டு, வானொலிக்கு முப்பத்தேழு, தம்பிக்கு முப்பத்தெட்டு – கை தானாக எழுதியிருக்கிறது. அதுவும் வேறுவேறாக. ஒரே எண்ணாக இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடம் படித்த பாடம்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். காலையம்மா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"ரெண்டு எண்ண அடிக்கணும். அளக்காம எழுதிட்டேன்."

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பேனா உள்ள அலமாரி மேல இருக்கு."

அடித்தேன். இரண்டிலும் 'அளக்கவில்லை' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்தபோது துடைத்த இடத்தை ஒட்டி ஒரு நாற்காலி போட்டிருந்தார்.

"தரை காயட்டும். ஈரத்துல மிதிச்சுட்டுப் போகாதீங்க. டீ போடறேன், உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஆய்வகத்துக்குப் போகும்போது மணி பத்தரை.