சிலிண்டர் வராத வாரம்

அன்புச் சிட்டுவுக்கு,

நீ நலமாக இருப்பது உன் குரலிலேயே தெரிகிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் தெரிவதில்லை. இங்கே நான், அப்பா, அத்தை மூவரும் சுகம். என் கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ராணுவத்துக்காரி என்ற நினைப்பை ஓரமாக வைத்துவிட்டு என் மகளாக முழுதும் படி.

கலவரத்துக்குப் பிறகு இங்கே ராணுவம் வந்ததும் என் பொறுப்பில் உள்ள நீரேற்று நிலையத்தில் குடிநீரைச் சுத்தம் செய்ய வைத்திருந்த குளோரின் சிலிண்டர்களைத் தங்கள் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒரு குண்டு தவறிப் பட்டால் போதும், சுற்றியுள்ள தெருக்களில் யாரும் மூச்சுவிட முடியாது. அப்போதிருந்த கேப்டனும் நானும் வாசலில் நின்றபடியே பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இங்கே ஓடுகிற சிலிண்டர் தீரப்போகிறது என்றால் நான் ஒரு போன் செய்வேன், அவர் காவலோடு அடுத்ததை அனுப்பிவைப்பார். காகிதம் எழுதினால் இரண்டு அலுவலகங்களையும் சுற்றி வருவதற்குள் ஊர் வறண்டுவிடும் என்று இருவரும் சிரித்துக்கொண்டோம். இரண்டு மாதம் ஒரு தடங்கலும் இல்லை. போன வாரம் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவரிடம் துப்பாக்கி, வண்டி, கூடாரம், ஜெனரேட்டர் எல்லாம் எண்ணி ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னை ஒப்படைக்க மறந்துவிட்டார்.

நான் வழக்கம்போல் போன் செய்தேன். புதியவர் மிகுந்த மரியாதையோடு, நச்சு வாயுவை வெளியே அனுப்ப சிவில் நிர்வாகத்தின் எழுத்து மூலமான கோரிக்கை வேண்டும் என்றார். நிர்வாகத்துக்கு ஓடினேன். பாதுகாப்பு விஷயம், நாங்கள் தனியாக எழுத முடியாது, கூட்டு ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் வையுங்கள் என்றார்கள். கூட்டம் வியாழக்கிழமைதான். போலீசைக் கேட்டால், காவலுக்கு வேண்டுமானால் ஆள் தருகிறோம், சிலிண்டர் எங்கள் பொறுப்பில் இல்லையே என்கிறார்கள். கையிருப்பில் இருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி வியாழன் வரை ஓட்டினோம். அந்தக் கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மேசைக்கு ஒரு பக்கம் பச்சை உடுப்பு, இன்னொரு பக்கம் வெள்ளைச் சட்டை, நடுவில் ஊரின் வரைபடம், அதன்மேல் பிஸ்கட் தட்டு. சாலைத் தடுப்புகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். குடிநீர் வருவதற்குள் தேநீர் வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்கள். நான் பின்னாலேயே ஓடி, பவுடர் தீர்ந்துவிட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அப்படியே பம்ப் செய்யுங்கள், மக்கள் காய்ச்சிக் குடிக்கட்டும் என்று எங்கள் மேலதிகாரி சொல்கிறார். சமையல் எரிவாயு வண்டியே ஊருக்குள் வராதபோது எதை வைத்துக் காய்ச்சுவது? கலவரத்தில் உடைந்த கழிவுநீர்க் குழாய் இன்னும் ஆற்றில்தான் கலந்துகொண்டிருக்கிறது. முன்பு ஒருமுறை வாந்தி பேதி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளைகளைத் தரையில் வரிசையாகக் கிடத்தியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் பம்பை நிறுத்திவிட்டேன்.

பத்து மணிக்கெல்லாம் நிலையத்தின் வாசலில் குடமும் வாளியுமாக ஊரே கூடிவிட்டது. கூட்டத்துக்கும் எனக்கும் நடுவில் சிப்பாய்கள். முன்வரிசையில் யார் என்று நினைக்கிறாய், உன் அத்தைதான். "அண்ணி, அண்ணன் உங்களை நம்பிக் கட்டிக்கிட்டாரு, அது அவர் தலையெழுத்து. நாங்க எதுக்கு உங்களை நம்பிக் காயணும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். சிரித்தது பாதிக் கூட்டம், மீதிக் கூட்டம் கல் எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் புதுக் கேப்டன் ஜீப்பில் வந்து இறங்கினார். மிஞ்சினால் உன்னைவிட இரண்டு வயது பெரியவர், வியர்த்திருந்தார். உடனே தண்ணீரைத் திறக்காவிட்டால் நிலைமை கைமீறிவிடும் என்றார். அவரை உள்ளே கூட்டிப்போய் குழாயிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து நீட்டினேன். பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. "தம்பி, இதுல மருந்து கிடையாது. திறக்கச் சொன்னா திறக்கிறேன். ஆனா உங்க முகாமுக்குப் போறதும் இதே குழாய்தான், உங்க பசங்களும் இதைத்தான் குடிக்கணும்" என்றேன். அவர் தம்ளரை வாங்கி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் வயர்லெஸ்ஸில் பேசினார். அரை மணியில் சிலிண்டர் வந்து இறங்கிவிட்டது. ஊருக்கென்றால் கோரிக்கை, கூட்டம், தீர்மானம் எல்லாம் வேண்டியிருந்தது, முகாமுக்கென்றதும் ஒரு வயர்லெஸ் போதும். கிளம்பும்போது அவர் தாழ்ந்த குரலில், "இது எதுக்குன்னு யாருமே எங்கிட்ட சொல்லலையே மேடம்" என்றார். அது பொய்யில்லை. அதனால்தான் அவரைத் திட்டவும் முடியாமல் வயிறு எரிகிறது.

இப்போது கேள், இதற்குப் பிறகு நடந்ததை. அனுமதியின்றிக் குடிநீர் விநியோகத்தை நிறுத்தி ஊர் அமைதிக்குப் பங்கம் விளைவித்தது ஏன் என்று எனக்கு விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்திருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்து, ஒன்று நிர்வாகம், ஒன்று ராணுவம். ராணுவம் வந்த நாளிலிருந்து இரு தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து உருப்படியாக முடித்த முதல் காரியம் இதுதான். பதிலை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். வேலைக்கு ஏதும் ஆகுமா என்று அப்பா கேட்கவில்லை, கேட்காமலே சுற்றிச் சுற்றி வருகிறார். மகள் அந்தப் பக்கம், மனைவி இந்தப் பக்கம், நான் வீட்டிலேயே சோதனைச் சாவடி ஆகிவிட்டேன் என்று ஜோக் அடிக்கிறார். அத்தை மட்டும் மறுநாளே வந்து, தன் வீட்டுக் குழாயில் மருந்து வாடை தூக்கலாக இருக்கிறது, கொஞ்சம் குறைக்கச் சொல் என்று புகார் கொடுத்துவிட்டுப் போனாள்.

உன்னிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. போன மாதம் உன் முகாம் இருக்கும் ஊரில் உள்ள மின்வாரிய அம்மாவைப் பற்றிச் சொன்னாயே, தினமும் வந்து நின்றுகொண்டு அந்தச் சாவி எங்கே, இந்தக் கதவை எப்போது திறப்பீர்கள் என்று நச்சரிக்கிறார் என்று. நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். இந்த வாரம் முழுக்க எனக்கு அந்த அம்மாவின் நினைப்புதான். எனக்கு முன்னால் நின்ற கேப்டன் நீயாக இருந்திருந்தால் என்னைப் பற்றியும் உன் வீட்டுக்குப் போன் செய்து அப்படித்தான் சொல்லியிருப்பாய்.

உனக்கும் அடுத்த மாதம் மாற்றல் என்கிறாய். எங்கே போனாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல், மனதில் பட்டதைச் சொல்லும் தைரியம் குறையாமல் நன்றாக இரு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கிளம்புவதற்கு முன் உனக்குப் பதிலாக வருகிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டு அந்த அம்மாவின் அலுவலகத்துக்கே போ. இந்த அம்மா ஒன்றைக் கேட்டால் எதற்காகக் கேட்கிறார் என்று அவர் முன்னாலேயே புதியவரிடம் சொல்லு. வண்டிகளை அதற்குப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

கோபம் பாதி இறங்கிய,
உன் அம்மா