புதன்கிழமைத் தையல் வகுப்பின் பெயர்ப்பட்டியல்

அனுப்புநர்:
த. யோகப்பிரியா, பி.ஏ.,
சமூகத் தன்னார்வலர்,
மேட்டுத் தெரு, பனையூர்க்களம்,
கொல்லங்கோடு வழி, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டத் திட்ட அலுவலர் அவர்கள்,
‘துணை’ சமூக உளநல ஆதரவுத் திட்டம்,
பாலக்காடு.

பொருள்: பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள எட்டுப் பெண்களின் பட்டியலை அகற்றவும், பனையூர்க்களம் குழுவை மூடாதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் தங்களிடம் வந்திருக்க வேண்டும். முறையை விட்டு நேரடியாக எழுதுவதற்கு முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தாங்கள் நடத்தும் கூட்டங்களில் நான் கடைசி வரிசையில் உட்காருபவள். நேரில் வந்தால் பாதிப் பேச்சில் நின்றுவிடுவேன் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

1. எங்கள் ஊரில் 2023 மார்ச் மாதம் திருவிழா நாளில், ஒரு கடையின் முன்னால் டிராக்டர் நிறுத்தியதில் தொடங்கிய வாய்த்தகராறு மூன்று நாள் கலவரமாகியதைத் தாங்கள் அறிவீர்கள். கடைவீதியில் முஸ்லிம் வியாபாரிகளின் ஐந்து கடைகளும், மேட்டுத் தெருவில் எங்கள் விவசாயிகளின் நான்கு வைக்கோல் போர்களும் எரிந்தன. வழக்கு இன்னும் நடக்கிறது. இரு தெருவாரும் ஒரே பேருந்தில் போகிறோம், பேசிக்கொள்வதில்லை.

2. அந்த ஆண்டு ஆகஸ்டில் நம் திட்டம் இங்கே வந்தது. பால் சங்கத்தின் மாடி அறையில், புதன்கிழமை தோறும் பிற்பகல் இரண்டரை மணிக்குப் பெண்கள் குழு. வாசலில் ‘மனநல ஆதரவு மையம்’ என்று பலகை வைத்தோம். மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. நான்காவது வாரம் பலகையை எடுத்துவிட்டு, பழைய தையல் இயந்திரம் ஒன்றை ஜன்னலோரம் வைத்து, தையல் வகுப்பு என்று சொன்னோம். மேட்டுத் தெருவிலிருந்து நால்வரும் கடைவீதியிலிருந்து நால்வரும் வந்தார்கள். ஒரு தெருவார் முன்படி வழியாகவும் மற்றவர்கள் பின்படி வழியாகவும் ஏறுவார்கள். மேலே வந்த பிறகு ஒரே பாய்தான்.

3. அந்த எட்டுப் பேரில் ஒருவர் திருமதி பெரியம்மாள். தம் பெயரையும் தம் பேச்சையும் இம்மனுவில் எழுத அவர் எனக்கு அனுமதி தந்துள்ளார். கலவரத்துக்குப் பிறகு, மகன் வெளியே போய்த் திரும்பும்வரை வாசலை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தவர் அவர். குழுவில் எல்லோரையும் சிரிக்க வைத்தவரும் அவரே. “ரெண்டு வருசமாத் தைக்கறோமுங்க, இன்னும் ஒரு ஜாக்கெட்டு முடிஞ்சபாடில்ல. டீச்சரம்மாவுக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாதுங்களே, நாம என்ன பண்றது?” என்பார். டீச்சர் என்று அவர் குறிப்பிட்டது என்னை. அது உண்மைதான்.

4. இன்னொருவர் கடைவீதியைச் சேர்ந்தவர். அவரிடம் அனுமதி கேட்க எனக்கு வழியில்லாததால் பெயரை எழுதவில்லை. அவர் எங்களிடம் சொன்னது என்ன என்பதையும் எழுதவில்லை. அது ஏற்கெனவே ஒரு முறை எழுதப்பட்டுவிட்டது. அவரே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒன்றை மட்டும் கூறுகிறேன். பதினான்கு மாதம் அடுப்படிக்குள் போகாமலிருந்தவர், பதினைந்தாவது மாதம் தம் கையால் தேங்காய்ச் சோறு ஆக்கி, தூக்குவாளியில் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் பரிமாறினார். அதன் பிறகு மாலை நேரங்களில் தம் குடும்பக் கடையின் கல்லாவிலும் உட்காரத் தொடங்கினார்.

5. கடந்த மே மாதம் நடந்த கிராமசபையில் ஒருவர் எழுந்து, “எட்டுப் பேரு ரெண்டு வருசமாத் தைக்கறாங்களாமா. மிசினு எந்தெந்த ஊட்டுக்குப் போச்சுன்னு சொல்லுங்க பார்க்கலாம்” என்று கேட்டார். சபையே சிரித்தது. இலவச இயந்திரங்களைச் சிலருக்கு மட்டும் கொடுத்துவிட்டதாகப் பேச்சுப் பரவியது. பயனாளிகளின் பட்டியலைப் பஞ்சாயத்து கேட்டது. கேட்டதில் தவறில்லை. வீடு, கோழிக்குஞ்சு, தென்னங்கன்று என எது கொடுத்தாலும் பட்டியலை எல்லோரும் பார்க்க ஒட்டுவது இங்கே வழக்கம். அந்த வழக்கத்தால் எங்கள் வீட்டுக்கும் நன்மை கிடைத்திருக்கிறது.

6. படிவம் மலையாளத்தில் இருந்தது. பெயர், வீட்டு எண், திட்டம், உதவி வழங்கப்பட்ட காரணம் என்று நான்கு கட்டங்கள். ஒருங்கிணைப்பாளர் திருமதி டின்சி அப்போது பிரசவ விடுப்பில் இருந்தார். படிவத்தை நிரப்பி அனுப்பியது நான்.

7. நான்காவது கட்டத்தை நான் வெறுமையாக விட்டிருக்கலாம். ‘தையல்’ என்றுகூட எழுதியிருக்கலாம். ஆனால் அரசுத் தாளில் பொய் எழுதக் கூடாது என்று நினைத்தேன். வெறும் கட்டம் இருந்தால் மனு திரும்பி வரும் என்பதையும் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பம்புசெட் இணைப்புக்காக என் தந்தை கொடுத்த விண்ணப்பம் ஒரு கட்டம் விடுபட்டதால் மூன்று முறை திரும்பியது. எங்கள் வீட்டில் மலையாளம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டாருக்கும் நான்தான் படிவம் நிரப்பித் தருவேன். எட்டுப் பேரும் என்னிடம் சொன்னவற்றைக் குறிப்பேட்டிலிருந்து பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு வரியில் சுருக்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். நன்றாக எழுதியிருப்பதாக எனக்கே தோன்றியது.

8. ஜூன் 20 அன்று அது அப்படியே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. மதியத்துக்குள் கைபேசிகளில் பரவிவிட்டது.

9. அன்று மாலை, நான்காம் பத்தியில் குறிப்பிட்டவர் பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. “ஏம்மா, ஒன்கிட்டத்தானே சொன்னேன். போர்டுல எப்படிம்மா ஏறுச்சு?” என்று மட்டும் கேட்டார். பேருந்து வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பின் அவர் கடைக்கு வருவதில்லை. “இன்னைக்குத் தையக்காரம்மா லீவா?” என்று கல்லாவைக் காட்டிக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மறுபடியும் மகள்தான் சமைக்கிறாள் என்று அறிகிறேன்.

10. எதிரெதிர்த் தெருப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்திருந்ததும் அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. பெரியம்மாளின் கணவர் திரு. கருப்புசாமி வழக்கில் ஒரு தரப்பில் இருப்பவர். “அவிய கூட உக்காந்தா அழுதுட்டு வந்தே?” என்று அவர் கேட்டதற்கு, “ஆமாங்க. அவிய அழுததே உங்களாலதானுங்களே” என்று தாம் சொன்னதாகப் பெரியம்மாள் கூறினார். “இதையும் எழுது கண்ணு, ஆபீசருக்குத் தெரியட்டும்” என்றார். ஆனாலும் அவரும் புதன்கிழமை வரவில்லை. ஐந்து புதன்கிழமைகளாக அந்த அறையில் நான் மட்டும் நாலரை மணிவரை இருந்துவிட்டு வருகிறேன்.

11. பட்டியலை எடுக்கும்படி பஞ்சாயத்து அலுவலகத்தில் இரண்டு முறை கேட்டேன். கிராமசபையில் கேட்கப்பட்ட பட்டியல் என்பதால், அடுத்த கிராமசபை வரை இருக்க வேண்டும் என்றும், நடுவில் எடுக்க வேண்டுமானால் திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றும் சொன்னார்கள். அங்கே பெருக்கும் அம்மா ஒருவர், நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் அறிவிப்பை அதன் மேலேயே ஒட்டிவிட்டார். இரண்டு நாள் அது மறைந்திருந்தது. பிறகு நாய் அறிவிப்பு அதற்குரிய இடத்துக்கு மாற்றப்பட்டது.

12. இந்நிலையில், தொடர்ந்து வருகை இல்லாததால் எங்கள் குழு ஆகஸ்ட் 1 முதல் மூடப்பட்டு, அறை வேறு வார்டுக்கு ஒதுக்கப்படும் என்று ஜூலை 22 அன்று தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பட்டியல் வெளியானது பற்றிய விசாரணை முடியும்வரை எட்டுப் பேரில் எவரையும் நான் சந்திக்கக் கூடாது என்றும் அதில் உள்ளது. பெரியம்மாள் எங்கள் தெருக்காரர். அவராகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். உத்தரவை மீறி நான் எங்கும் போகவில்லை.

ஆகவே ஐயா அவர்கள்,

அ) பட்டியலை உடனே அகற்றுமாறு பஞ்சாயத்துக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். அது இன்று காலையும் அங்கேயே இருந்தது.

ஆ) இந்த ஐந்து வாரங்களை ‘வருகை இல்லை’ என்று கணக்கில் கொள்ளாமல், டிசம்பர் வரையாவது அறையை விட்டுவைக்க வேண்டும். அவர்கள் குணமாகி நின்றுவிடவில்லை, எங்களால் நின்றார்கள்.

இ) இனித் திட்டத்தை விட்டு வெளியே போகும் எந்தத் தாளிலும் எண்ணிக்கை மட்டும் இருக்க வேண்டும். பெயரும் காரணமும் கேட்கும் கட்டம் இருந்தால், அதை வெறுமையாக விடலாம் என்று தன்னார்வலர்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பேச்சில் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்குத் தைரியம் வராது.

விசாரணையில் என்ன முடிவானாலும் அதை ஏற்றுக்கொள்கிறேன். பஞ்சாயத்து எழுத்தர் கேட்டதைத்தான் ஒட்டினார். அவர் மீது நடவடிக்கை வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள் உண்டு. இதை முதலிலேயே எழுத நினைத்து, இரண்டு முறை தாளைக் கிழித்தேன். அந்தக் கடைவீதி அம்மாவின் வீட்டுக்கு ஒரே ஒரு முறை போய்வர எனக்கு அனுமதி தர வேண்டும். குழுவுக்குத் திரும்பி வாருங்கள் என்று அழைக்க மாட்டேன். திட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேச மாட்டேன். பட்டியல் எப்படியோ அலுவலகத்திலிருந்து போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதாகப் பெரியம்மாள் சொல்கிறார். எழுதியது நான் என்று அவர் முகம் பார்த்துச் சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வந்துவிடுவேன்.

இடம்: பனையூர்க்களம்
நாள்: 28-07-2025

பணிவுடன்,
(ஒப்பம்)
த. யோகப்பிரியா