பீரோவுக்குப் பின்னால் ஈரம்

சேரன்மகாதேவி,
வெள்ளிக்கிழமை

அன்பு மருமகள் விஜயஸ்ரீக்கு மாமா சங்கரலிங்கம் எழுதுவது.

நான் சொன்னேனா இல்லையா? உன் பெருமாள்புரம் வீட்டுக்குப் பதினொரு மாத அக்ரிமெண்ட் போட்ட அன்றைக்கே, பேனா மூடியைத் திறக்கும்போதே சொன்னேன். கெடு முடியும், ஆனால் வீடு காலியாகாது, எழுதி வைத்துக்கொள் என்றேன். நீ எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அப்படியே நடந்துவிட்டது!

நானும் உன் அத்தையும் சுகம். புனேயில் நீயும் சுகமாக இருந்து, மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டிருப்பாய் என்று அம்மநாத சுவாமியை நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லலாமென்றால், நான் வாயைத் திறந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. பாளையங்கோட்டைக் கல்லூரியில் வேலைக்குச் சேர வருகிறவள், ரயிலைவிட்டு இறங்கி நேரே என் சொந்த வீட்டுக்குத்தான் போவேன், யார் வீட்டிலும் ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டேன் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு பாடும் பட்டேன்.

வெறுங்கையோடு போகிறவனா நான்? கெடுவுக்கு முந்தின வாரமே கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் நமச்சிவாயம் அண்ணாச்சியிடம் சட்டம் முழுவதையும் கற்றுக்கொண்டேன். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. எனக்கு அது போதும். கெடு முடிந்த பிறகு வாடகை என்று எதையாவது கைநீட்டி வாங்கினால், அவர்கள் மாதாமாதம் குடியிருக்கிறவர்கள் ஆகிவிடுவார்களாம். அப்புறம் நோட்டீஸ் விட்டு, தவணை கொடுத்துத்தான் கிளப்ப முடியுமாம். போகமாட்டேன் என்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கரண்டைப் பிடுங்குவதும் வெளியே பூட்டு போடுவதும் நம் தலையிலேயே விடியும் என்றார். “ஒம்ம வாயை மூடிக்கிட்டு இரும்வே, அதுவே பாதிச் சட்டம்” என்றும் சொன்னார். அது எனக்கல்ல, பொதுவாகச் சொன்னது.

கெடு முடிகிற அன்று கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். என் முகத்தைப் பார்த்த டிரைவர் வழியில் எங்கும் நிறுத்தவில்லை என்றே சொல்லலாம். வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், ஹமீது பீவி ஓடிவந்தாள். உனக்குத் தெரியாததா, புருஷன் மஸ்கட்டில் இருக்க, உன் வீட்டில் தையல் மிஷினைப் போட்டுத் தனியாளாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறவள். அவள் அழுத அழுகை இருக்கிறதே! “அண்ணாச்சி, எம்மவ நெறமாசமா இருக்கா. பிள்ளை பெத்து எந்திரிக்கட்டும், மூணு மாசம் பொறுத்துக்கிடுங்க” என்றாள். தெருவே கூடிவிட்டது. டவுன் பஸ் நின்றுவிட்டது. ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்லுக்குக்கூட மனசு இளகும், நான் மனுஷன்தானே. உன் சார்பில் மூன்று மாதம் கொடுத்துவிட்டேன். வாடகையை நீட்டினாள், விரலால்கூடத் தொடவில்லை. உன் உரிமை அப்படியே இருக்கிறது. அதோடு நடுவில் ஆடி வேறு வருகிறது, ஆடியில் உன்னால் பால் காய்ச்ச முடியுமா? எப்படிப் பார்த்தாலும் ஆவணிதான்.

வந்ததுதான் வந்தோம் என்று வீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். ஆணி அடித்த ஓட்டைகளுக்கெல்லாம் பட்டி பூசியிருக்கிறாள். அடுப்படி மேடையில் முகம் பார்க்கலாம். கரண்ட் பில் பாக்கியில்லை. பின்னறையில் மட்டும், பீரோவுக்குப் பின்னால் சுவரில் முறம் அகலத்துக்கு ஈரம். குழாய் கசிகிறது, ஆளுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆக, நீ எங்கே தங்குவது? இருக்கவே இருக்கிறது மாமா வீடு! மாடி அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டாகிவிட்டது. இன்டர்நெட் வயர் இழுத்தவன், இந்த வேகம் புனேயிலேயே கிடையாது என்று என்னிடம் சத்தியம் செய்தான். படுத்துக்கொண்டே பார்த்தால் வயலும் அதற்கப்பால் மலையும் தெரியும். காலேஜுக்கு இங்கேயிருந்து போக நிமிஷத்துக்கு ஒரு பஸ்.

போன தடவை நீ வந்தபோது, விருந்தாட்கள் முன்னால் உன் அத்தை “மாப்பிள்ளை வரலையா” என்று கேட்டதும், நீ சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு அன்று சாயங்காலமே ரயில் ஏறியதும் எனக்கு ஞாபகமில்லை என்று நினைக்காதே. நீங்கள் பிரிந்த விஷயம் அவளுக்கு அப்போது தெரியாது. அதற்கப்புறம் இந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. “அவ வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன், வரச் சொல்லுங்க” என்று போன வாரம் அவளாகவே சொன்னாள். சொல்லிவிட்டு, அடுப்பில் எதுவுமே இல்லை, அடுப்படிக்குள் போய் வெகுநேரம் நின்றாள்.

இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், ஆள் குடியிருக்கிற வீட்டில் பீரோவுக்குப் பின்னால் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். நீ கெட்டிக்காரி, நீயும் இதற்குள் கேட்டிருப்பாய். நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளைக்குப் பொய் எழுதாதிய” என்று எழுந்து போய்விட்டாள்.

பீரோ அங்கே இல்லை விஜி. நான் போய்ச் சேருமுன்னே ஹமீது பீவி சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டைக் கழுவித் துடைத்து, வாசலில் சாவியோடு நின்றாள். தெரு கூடவில்லை. அவள் அழவுமில்லை. மகள் நிறைமாதம் என்பது மட்டும் நிஜம். திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, “அவுக வீட்டுக்கு அவுக சந்தோசமா வரட்டும், அண்ணாச்சி” என்று சொல்லி மேலப்பாளையத்துக்கு ஆட்டோ ஏறினாள். வீடு காலியாகத்தான் இருக்கிறது. நான் முன்கூட்டியே சொன்னது எதுவும் நடக்கவில்லை. அந்த மூன்று மாதத்தைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நானே உண்டாக்கினேன். முந்தின பக்கங்களைக் கிழித்துப் போடலாமென்று பார்த்தேன்; இவ்வளவு நன்றாக எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை.

சாவி என் மடியில் இருக்கிறது. ஜங்ஷனில் நீ இறங்கியதும் முதல் வேலையாக அதை உன் கையில் தந்துவிடுவேன். நம் தெரு வன்னியராஜ் காரோடு வெளியே நிற்பான். ஒரு பக்கம் திரும்பினால் பெருமாள்புரம், மறுபக்கம் திரும்பினால் சேரன்மகாதேவி. எந்தப் பக்கமென்று அவனிடம் நீயே சொல்லு. நான் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டிருப்பேன், முடிந்தவரை.

எந்த வாசலில் கால் வைத்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா. அந்தச் சுவர் காய நாலு நாளாகும் என்பது மட்டும் சத்தியமாக நிஜம்.

உன் அம்மாவின் தம்பி,
சங்கரலிங்கம்