மீன் கொண்டு வராத மனிதர்

ஒக்டோபர் 10, வெள்ளி

காலை முதல் தூறல். துணி காயவில்லை. வெள்ளிக்கிழமைச் சமையல்: கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, கீரை. நாளைக்குச் சூடை மீன் பொரிக்கலாம் என்று ஃபிரீசரைத் திறந்தால் பொதியில் பாதியைக் காணவில்லை. போன கிழமைதான் நோர்பரிக் கடையில் வாங்கினேன். பூனை இல்லை. பிள்ளைகளும் இல்லை. வீட்டில் நானும் இவரும் மட்டும், ஆகவே விசாரணை சீக்கிரம் முடிந்தது.

"நான்தான் எடுத்தனான். பைக்குக்குப் போட."

பைக் என்றால் இவர் பிடிக்கும் மீன். ஆளை விழுங்குமளவு வாயாம். செத்த சூடை என்றால் ஓடிவருமாம். மனிதர் தின்னும் மீனைக் காசு கொடுத்து வாங்கி மீனுக்குப் போடுகிறார். சரி, பிடித்த மீன் எங்கே? இரண்டு வருடமாக இலையுதிர்காலம் தொடங்கினால் சனி தவறாமல் ஏரி. ஒரு செதில்கூட இந்தக் குசினியைப் பார்த்ததில்லை.

பின்னேரம் மோகனாவின் போன். இவரின் தங்கை, லண்டனின் மற்றப் பக்கம் வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிறாள். அவளிடம் ஒன்று சொன்னால் கோயில் தேருக்கு முன்னால் ஊர்வலம் போய்விடும். சூடைக் கதையைச் சிரிப்பாகத்தான் சொன்னேன்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. மீன் பிடிக்கப் போற ஆம்பிளை ஒருநாளாவது ஒரு மீன் கொண்டு வரமாட்டாரோ? அண்ணை உண்மையிலை எங்கை போறார்?"

சிரித்தேன். போனை வைத்தபின் சிரிப்பு நின்றுவிட்டது. அறுபத்திரண்டு வயது, சொட்டைத் தலை, முன்னால் ஒரு வயிறு. இவரை யார் பார்க்கப் போகிறாள்? ஆனாலும்.

நாளைக்கு நானும் போகிறேன். பையில் வைத்தவை: சின்னக் கத்தி, மஞ்சள், உப்பு, பழைய பேப்பர், ஐஸ் பொதி. உண்மையிலேயே மீன் என்றால் அங்கேயே வெட்டிக் கழுவி எடுத்து வந்துவிடுவேன்.

ஒக்டோபர் 11, சனி

வெயில், ஆனால் குளிர். ஒழுங்காக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

நானும் வருகிறேன் என்றதும் இவர் முகம் மாறியது. மறுக்கவில்லை. எம்25 பெருந்தெருவைத் தாண்டி ஒரு மண்பாதை. முன்னொரு காலம் மணல் அள்ளிய பெரிய கிடங்கு, இப்போது ஏரி. தண்ணீர் என்னவொரு தெளிவு! கரையில் நின்றால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். மீன் பிடிக்க வருகிறார் என்பது மெய்தான். மோகனா தோற்றாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"கோடையிலை தண்ணி பச்சை. இப்பதான் பாசி செத்துத் தெளியுது. நாங்கள் மீனைப் பாக்கிற மாதிரி அதுவும் எங்களைப் பாக்கும். அசையாமல் நில்லும்."

இவர், வீட்டில் ரி.வி.க்கு மேலால் கத்துகிறவர், இரகசியம் பேசுகிற மாதிரி சொன்னார். கையால் காட்டினார். நீர்ச்செடிகளுக்குள் ஒரு மரக்கட்டை கிடந்தது. கட்டைக்குக் கண் இருந்தது.

அரை மணித்தியாலம் கழித்து மிதவை சரிந்து ஓடியது. இவர் தூண்டிலைத் தூக்கினார், வளைந்தது. உடனே பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரனிடம் கொடுத்துவிட்டார். கொலின், ஓய்வுபெற்ற தபால்காரன், நல்ல உயரம். தன் மீனை ஏன் இன்னொருவன் கையில் கொடுக்கிறார் என்று யோசித்தேன். அதற்குள் வலையில் வந்துவிட்டது.

என் கை நீளம். சீலா மீன் மாதிரி உடம்பு, தாரா வாத்து மாதிரிச் சொண்டு, பச்சையில் வெளிர் மஞ்சள் புள்ளிகள். வாயைத் திறந்தால் மேல் அண்ணத்திலும் பல். ஈரப்பாயில் கிடத்தி, நீண்ட இடுக்கியால் கொக்கியைக் கழற்றினார்கள். வடிவான மீன். தலையைத் தனியாகப் புளி விட்டு வைக்கலாம், நடுத்துண்டு பொரிக்கலாம். நான் பையைத் திறந்து கத்தியை எடுத்தேன்.

கொலின் ஓ என்று கத்தினான். மீனுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். கத்தியைக் கண்டால் எங்களூரில் மீன்தான் பயப்பட வேண்டும், இங்கே ஆறடி மனிதன் வெளிறிப்போனான்.

"உள்ளை வையும் அதை!" இவர் பதறினார். "இஞ்சை ஒருத்தரும் கொல்லுறேல்லை. பிடிச்சால் விடுறதுதான்."

"விடுறதோ? நாலு நாள் கறியப்பா!"

விட்டுவிட்டார்கள். கொலின் முழங்கால் தண்ணீரில் நின்று அதை நிமிர்த்திப் பிடித்திருந்தான், வாலை ஒரு தரம் அடித்துவிட்டுப் போனது. தெளிந்த தண்ணீரில் வெகுதூரம் தெரிந்தது. நான் வாய் பிளந்து நின்றேன். இதற்காகவா என் சூடை?

இன்றைய அதிர்ச்சி அதுவென்றுதான் நினைத்தேன்.

கொலின் தேநீர் கொண்டுவந்தான். கத்திக் கதையைச் சிரித்து ஆற்றினோம். பிறகு குனிந்து, நீங்கள் வந்தது நல்லது, இதய ஒப்பரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நீங்களாவது அவரிடம் சொல்லுங்கள், ஏரிக்கு வரும் நாங்கள் எல்லோரும் சொல்லிக் களைத்துவிட்டோம் என்றான்.

எந்த ஒப்பரேஷன் என்று கேட்டேன்.

கொலின் என்னைப் பார்த்தான். இவரைப் பார்த்தான். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டான், சின்னப் பிள்ளை மாதிரி.

வீட்டுக்குக் கிட்ட, ஸ்ட்ரெதம் சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது இவர் சொன்னார். "மூண்டு அடைப்பு. பைபாஸ் செய்ய வேணுமாம். இந்த மாசம் முப்பதாம் திகதி தந்தவை. நான் பங்குனிக்குப் பிறகு பாப்பம் எண்டு சொல்லிப்போட்டன்."

பங்குனி. பைக் பிடிக்கும் காலம் முடிந்த பிறகு. ஆவணியில் பழைய ஒஃபிஸ் நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று வெளிக்கிட்டாரே, அன்றுதான் இதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்களாம். அன்று நான் புட்டு அவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மழை. சொதிக்கு உப்பே போடவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

இவர் படியேறும்போது எண்ணிக்கொண்டு நிற்கிறேன். நடுவில் ஒரு தரம் நிற்கிறார். எத்தனை மாதமாக நிற்கிறார்? எனக்கு ஏன் தெரியவில்லை? கோபம், மிச்சமெல்லாம் பயம்.

மத்தியானம் கேட்டேவிட்டேன். "அந்தத் தபால்காரனுக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லேலாதோ?"

"உமக்குச் சொன்னால் மோகனாவுக்குத் தெரியும். மோகனாவுக்குத் தெரிஞ்சால் லண்டன் முழுக்கத் தெரியும். போன முறை மறந்து போச்சே?"

மறக்கவில்லை. முன்பு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது வந்த சனம்! ஹோர்லிக்ஸ் போத்தல்கள் அலுமாரி நிறைய. அப்பிள் அழுகியது. இவரைச் சோபாவில் கிடத்தி வைத்துச் சுற்றிவரக் கதிரை போட்டு, யார் யாருக்கு எந்தெந்த வயதில் மாரடைப்பு வந்தது என்று கதை. ஒருவர் ஸ்ட்ரெதம் பக்கத்துச் சுடலையில் பார்க்கிங் வசதி நல்லது என்று விளக்கினார், இவர் கேட்கக் கேட்க. நான் அவருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன்.

"ஏரியிலை ஒருத்தரும் என்னைப் பிரேதம் மாதிரிப் பாக்கிறேல்லை. பாரமான மீன் வந்தால் தூண்டிலை வாங்குவினம். அவ்வளவுதான்."

குசினிக்குப் போய் அழுதேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

குளிர் கூடுகிறது. ஹீற்றர் போட்டாயிற்று. மோகனா இரண்டு தரம் போன் எடுத்தாள். அண்ணையைப் பின்தொடர்ந்தீர்களா, என்ன கண்டீர்கள்? மீன் கண்டேன் என்றேன். வேறு? வேறொன்றுமில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். முப்பது வருடத்தில் அவளுக்கு நான் மறைத்த முதல் சங்கதி.

ஒப்பந்தம், சாப்பாட்டு மேசையில்: முப்பதாம் திகதியே இவர் போவார். நான் ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது, மோகனாவுக்கும்தான். அதற்கு முன் ஒரு சனி ஏரி. என் பக்கத்து நிபந்தனை: கார் நான் ஓடுவேன், தூண்டிலும் நான்தான் பிடிப்பேன்.

"உமக்கு ஏலுமோ?"

"உங்களைக் கட்டி முப்பது வருஷம் இருந்திட்டன். மீன் என்ன பெரிசு?"

ஹொஸ்பிற்றலுக்கு என் முன்னால் போன் எடுக்க வைத்தேன். அந்தத் திகதியை இன்னும் வேறொருவருக்குக் கொடுக்கவில்லையாம். அம்மாளாச்சி காப்பாற்றினாள்.

ஒக்டோபர் 25, சனி

ஏரி. காற்றில்லை. இலை கொட்டி, தண்ணீருக்கடியில் மஞ்சளாகக் கிடந்தது. கத்தி கொண்டு போகவில்லை. கொலின் எதற்கும் பையை ஒரு தரம் எட்டிப் பார்த்தான்.

பின்னால் மடக்குக் கதிரையில் கம்பளியோடு இவர். முன்னால் தூண்டிலோடு நான். மத்தியானம் கடந்தும் ஒன்றுமில்லை. கால் விறைத்தது. வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல வாயெடுக்க, மிதவை போயிற்று.

"தூக்கும்! இப்ப! இழுக்காதையும், அது ஓடட்டும்!"

என்ன பலம். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. கரைக்கு வந்துவிட்டது என்று நினைத்தால் எங்களைக் கண்டு திரும்ப ஓடும். தண்ணீர் தெளிவென்பதால் எல்லாம் தெரிகிறது, அது தலையை உதறுவது, வாயைத் திறப்பது. நான் கத்தினேன். இவர் கதிரையை விட்டு எழும்பினார். "இருங்கோப்பா!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். இருந்தார்.

கொலின் வலையில் ஏந்தினான். போன முறை கண்டதைவிடப் பெரிது. இவர் கதிரையில் இருந்தபடியே சொல்லிக் கொடுத்தார். "செவுள் ஓரத்தாலை விரலை விடும். உள்ளுக்குச் சிவப்பு இருக்கு, அதிலை முட்டாதையும். பயப்பிடாதையும்." பயம்தான். ஆனாலும் விரலை விட்டேன். குளிர்ந்து, வழுவழுவென்று, உள்ளே தசை துடித்தது.

பிறகு கொக்கியைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன், சப்பாத்துக்குள் தண்ணீர். கொஞ்ச நேரம் அது போகவில்லை. செவுள் மட்டும் திறந்து மூடியது. செத்துவிடுமோ என்று பயந்தேன். பதினைந்து நாளுக்கு முன் கறி வைக்க நின்றவள்! பிறகு ஒரு உதை, என் முகமெல்லாம் தண்ணீர், ஆளைக் காணோம்.

சந்தோஷமாக இருந்தது. அதுவே ஒரு அதிர்ச்சி. இவர் சிரித்து நான் பார்த்துக் கனகாலம்.

வியாழன் ஒப்பரேஷன் எத்தனை மணிக்கு என்று கொலின் கேட்டான். சொன்னேன்.

ஒக்டோபர் 30, வியாழன்

இருட்டோடு வெளிக்கிட்டோம். பனிமூட்டம். ஹொஸ்பிற்றல் உடுப்பு இவருக்குக் கட்டை. தைரியமாகத்தான் இருந்தார். நர்ஸோடு பகிடி, சாப்பாடில்லை என்று முறைப்பாடு. நான் திருநீறு பூசினேன், தடுக்கவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்ததும் என்னைப் பார்த்து, "போனைத் தாரும்" என்றார்.

கிரிக்கெட் பார்க்கப் போகிறாராக்கும் என்று கொடுத்தேன்.

"மோகனா... தங்கச்சி... எனக்கு நெஞ்சை வெட்டப் போகினம். எனக்குப் பயமாக் கிடக்கு."

அழுதார். சத்தமாக, தோள் குலுங்க. நான் இவருடைய சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் நாக்கைக் கடித்துப் புண்ணாக்கியது நான். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போனின் மற்றப் பக்கத்தில் மோகனா இன்னும் அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் வந்துவிட்டது லண்டன். மோகனாவும் புருஷனும், வேலையை விட்டு ஓடிவந்த அவளுடைய பிள்ளைகள், நோர்பரிச் சனம். ஃபிளாஸ்க், இடியப்பப் பொதி, அப்பிள் பை. யாரோ பார்க்கிங் பற்றிக் கதைத்தார்கள். சேற்றுச் சப்பாத்தோடு கொலின் கதவோரம் வந்து நின்றான், உள்ளே வரலாமா என்று தெரியாமல். ஒரு மாமி இழுத்து இருத்திக் கையில் இடியப்பம் கொடுத்தார்.

மோகனா எல்லோருக்கும் முன்னால் என்னைப் பிடித்தாள். "எங்களுக்கு ஏன் ஒளிச்சனீங்கள் மச்சாள்? உங்களுக்கு நெஞ்சிலை ஈரமில்லையோ? கூடப் பிறந்தவள் நானெல்லோ!"

உன் அண்ணைதான் சொல்ல விடவில்லை என்று ஒரு வார்த்தை. வாயில் இருந்தது. சொல்லவில்லை. அவள் திட்டித் திட்டி, கடைசியில் என் மடியிலேயே தலையை வைத்து அழுதாள். என்னால் முதல் தடவையாக மூச்சு விட முடிந்தது. இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் தனியாக இருக்கவில்லை, அதுதான்.

நாலு மணிபோல நர்ஸ் கதவைத் திறந்தாள். சிவனேசனின் குடும்பம் யார் என்று கேட்டாள்.

முழு வரிசையும் எழும்பியது. கையில் இடியப்பத்தோடு கொலினும்.

அவள் திகைத்துப்போனாள். நல்லபடி முடிந்தது, இதயம் தானாகவே துடிக்கிறது, ஆனால் இரண்டு பேர்தான் உள்ளே வரலாம் என்றாள்.

நான் மோகனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.