‘லைன்’ என்று நீ எழுதிய கொப்பி

என் தவம் மச்சான்,

உன் கொப்பி என் மடியில் இருக்கிறது. மூலை மடிந்த அதே தடித்த சீஆர் நோட்டுக் கொப்பி, அட்டையில் நீ பெரிதாக எழுதிய ‘லைன்’. இத்தனை காலமும் உன் தங்கச்சி அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். இன்று உன் திவசம். வெளியே எடுத்து என் கையில் தந்து, “அண்ணனப் பத்தி ரெண்டு வரி எழுதிப் பேப்பருக்குக் குடுங்களன்” என்றாள். ரெண்டு வரியில் முடிகிற காரியமா மச்சான் இது?

புளியந்தீவில் ஒரு மேசையும் பழைய டைப்ரைட்டரும் போட்டு, வெளிநாடு போகிறவர்களுக்கு இங்கிலீஷில் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நீ. ஆள் வராத நேரத்தில் அகராதியைப் புரட்டுவாய். மற்றவர்கள் முத்திரை சேர்த்தார்கள், நாணயம் சேர்த்தார்கள். நீ ஒரேயொரு சொல்லைச் சேர்த்தாய். எத்தனையோ சொல் கிடக்க ஏன் இது என்று கேட்டேன். “அகராதியில பக்கம் பக்கமா நிக்கிது மச்சான். ஆனா நம்மட சனம் ஒருத்தரும் அகராதி பாக்காமலே நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுது” என்றாய்.

கரண்ட் லைன், போன் லைன், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லைன் வீடு, படிவத்தின் அடியில் கையெழுத்துப் போடுகிற புள்ளிக்கோடு. ஆர் வாயிலிருந்து எது விழுந்தாலும் கொப்பியில் ஏறிவிடும். நான் உன் தங்கச்சியைப் பார்ப்பதற்காகச் சைக்கிளில் உங்கள் வீட்டடியைச் சுற்றிய காலத்தில், “லைன் போடுதல்: உதாரணம், ராசு” என்று எழுதி என்னிடமே காட்டினாய். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடப் பார்த்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

கலியாணம் முடிந்து நான் களுதாவளைக்கு உங்கள் வீட்டுக்கே வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு தோட்டத்துக்கு வருவாய். மிளகாய்க் கன்று நட இரண்டு முளையடித்துக் கயிறு இழுக்கும்போது ஒரு நுனி உன் கையில் இருக்கும். அப்படி ஒருநாள்தான் அந்தச் சொல்லின் பிறப்பைச் சொன்னாய். ஆளிச்செடி என்று ஒன்று, அதன் நாரில் திரித்த நூலுக்கு லத்தீனில் வைத்த பேராம். லினன் துணி என்கிறோமே, அதுவும் அதே செடியின் பிள்ளைதானாம். நூலை இழுத்துப் பிடித்தால் கோடு, கோட்டில் ஆட்கள் நின்றால் வரிசை. “இப்ப நாம பிடிச்சிரிக்கிறதுதான் முதல் லைன். மத்ததெல்லாம் மறுகா வந்தது” என்றாய். எனக்கு அப்போது கன்றுகள் வாடுகிற கவலை. கயிற்றை ஒழுங்காகப் பிடி என்று ஏசினேன்.

‘டெட்லைன்’ என்ற பக்கத்தில் மட்டும் நீ பகிடி எழுதவில்லை. உன் படிவங்களில் அது கடைசித் திகதி. முன்பு எங்கேயோ ஒரு போர்ச் சிறையில், தாண்டினால் சுடப்படும் என்று கைதிகளுக்குக் கீறிய கோடாம் அது. வாசித்துக் காட்டிவிட்டு நீ கொப்பியை மூடிவைத்தாய். நாங்களும் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஆமிக்காரர் முன்னால் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள்தானே.

மறுகா மண்ணெண்ணெய் இல்லாத அந்த வருசம் வந்தது. உனக்கு மறந்திருக்காது. ஆட்கள் நாட்கணக்கில் நிற்க முடியாதென்று கேன்களை நிற்க வைத்தார்கள். எல்லாக் கேன்களின் கைபிடிக்குள்ளாலும் ஒரே கயிற்றைக் கோர்த்துக் கட்டினார்கள். இடைக்கிடை பேர் கூப்பிடுவார்கள். பேருக்கு ஆள் இல்லாவிட்டால் கேனை அவிழ்த்து வெளியே எறிந்துவிடுவார்கள். உனக்கு மண்ணெண்ணெய் எதற்கு? என் பம்புக்காக, என் பூத்த மிளகாய்க்காக நீ வந்து நின்றாய். நான் கிணற்றிலிருந்து வாளியால் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தேன்.

அன்று காலை பத்து மணிபோல நீ போன் எடுத்தாய். “மச்சான், நெஞ்சுக்குள்ள என்னவோ இறுக்குது. நான் வீட்ட போகட்டா?” என்றாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். “கொஞ்சம் பொறு மச்சான், லைனை விட்டிராத. இந்தா வாறன்” என்றேன். இந்தா வாறன் என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த இரண்டு பாத்திக்கும் தண்ணீர் ஊற்றி முடித்துத்தான் வந்தேன்.

வந்தபோது நீ மதிலில் சாய்ந்து இருந்தாய். கண் மூடியிருந்தது, கை கயிற்றில் இருந்தது, கொப்பி மடியில் கிடந்தது. பக்கத்தில் நின்ற காத்தான்குடி முஸ்லிம் காக்கா ஒருவர் உனக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார். “எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போங்க எண்டு எவ்வளவோ சொன்னன் தம்பி. மச்சான்ட கேன் நிக்கிது, அவன் வரட்டும் எண்டுட்டார்” என்றார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நீ என் மடியில்தான் இருந்தாய். வாசலைத் தாண்டியபோது நீ இல்லை.

உன் தங்கச்சி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். “எங்கட அண்ணன் இவருக்காக நிண்டு போன ஆள். ஆரும் நிக்கச் சொல்லல்ல, அதுதான் அவர்ர மனசு” என்பாள். சொல்லும்போது அவளுடைய முகத்தில் ஒரு பெருமை வரும். நான் எழும்பி மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவேன். மச்சான், அந்தப் பெருமையை நான் எப்படிப் பிடுங்குவேன்? பிடுங்காமல் எப்படி அவளோடு இருந்து சோறு தின்பேன்?

உனக்குச் சொல்ல ஒரு புதினம் இருக்கிறது. தோட்டத்துக்குக் கரண்ட் லைன் இழுத்தாகிவிட்டது. இப்போது சுவிச்சைப் போட்டால் தண்ணீர் வருகிறது. முதல் நாள் தண்ணீர் பாய்ந்தபோது எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். நான் வரம்பில் குந்தி அழுதேன். வெயில் கண்ணில் குத்துகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்றுதான் கொப்பியின் கடைசிப் பக்கம் வரைக்கும் போனேன். அன்று அந்த மண்ணெண்ணெய் லைனில் நின்றபடியே எழுதியிருக்கிறாய். எழுத்து கோணி, கீழே இறங்கி இறங்கிப் போகிறது. “லைன்: மச்சான் வருமட்டும் பிடிச்சிரிக்கிறது.” அவ்வளவுதான். நோகுது என்று ஒரு சொல் இல்லை. என்னை ஏசி ஒரு சொல் இல்லை. ஏசியிருக்கலாமே மச்சான்? அதைப் படித்து நான் கொஞ்சம் அழுதிருப்பேனே.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கடிதம் பேப்பருக்குப் போக முன்னம் உன் தங்கச்சியின் காதுக்குப் போகும். எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், வீடு அவளுடையது. வெளியே போ என்றால் போவேன். திரும்ப ஒரு சொல் பேசமாட்டேன்.

உனக்குப் படைக்க அவள் உள்ளே பொங்கிக்கொண்டிருக்கிறாள். “எழுதிட்டீங்களா? வாசிங்க கேப்பம்” என்று கூப்பிடுகிறாள். இந்தா வாறன் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது மச்சான். சொல்லவில்லை. எழும்பிவிட்டேன்.

உன் தங்கச்சியின் புருசன்,
நீ கேனைக் காத்து நின்ற மச்சான்,
ராசு